எலெக்ட்ரிக் கிட்டார் சேர்ப்பதும் திருத்துவதும்: எதை மாற்றலாம், எதைத் தொடாமல் விடலாம்?

அரசலாற்றங்கரை | கும்பகோணம்

தொழிலுக்காக அன்றி ஆசைக்காக மட்டும் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறவர்கள் நம் டெல்டா மாவட்டங்களில் கணிசமாகவே இருக்கிறார்கள். மாதாகோயில் பாடகர் குழுவிலும், திருவிழா மெல்லிசைக் கச்சேரியிலும், கல்லூரி விடுதியிலும் அவர்களைப் பார்க்கலாம். வாசிப்பைப் பற்றிப் பேச ஆள் கிடைக்கிறது. கருவியைத் திறந்து, உள்ளே இருப்பதை மாற்றி, அந்த மாற்றம் காதுக்கு என்ன செய்கிறது என்று பொறுமையாகப் பேசத்தான் ஆள் கிடைப்பதில்லை. அதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

என்னிடம் நான்கு கிட்டார்கள் உள்ளன: ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவில் ஒன்று, டெலிகாஸ்டர் வடிவில் ஒன்று, இரண்டு ஹம்பக்கர் (கம்பியின் அதிர்வை மின்னலையாக்கும் பிக்கப்பில் இரட்டைச் சுருள் வகை) பொருத்திய லெஸ் பால் வடிவில் ஒன்று, ஒரு மெல்லிசைக் குழுவில் பல்லாண்டு உழைத்துவிட்டு என்னிடம் வந்து சேர்ந்த கல்கத்தாக் கிட்டார் ஒன்று. எதுவுமே பெரிய விலைக்கு உரியது அல்ல. சேர்ப்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கருவியால் செய்ய முடியாத ஒன்றைப் புதிதாக வருவது செய்ய வேண்டும். ஸ்ட்ராட் வகையில், கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பி தங்கும் நட்டிலிருந்து உடலின் மேல் கம்பி தங்கும் பிரிட்ஜ் வரை 648 மி.மீ.; லெஸ் பால் வகையில் சுமார் 628 மி.மீ. தாளில் இது இருபது மி.மீ. வித்தியாசம்தான் என்றாலும், ஒரே தடிமனுள்ள கம்பியை ஒரே சுருதிக்கு ஏற்றும்போது நீளமான கழுத்தில் இழுவிசை கூடிவிடுவதால், கம்பியை வளைத்து இழுக்கிற விரல் அதை முதல் நிமிடத்திலேயே கண்டுகொள்கிறது. இப்படி ஒவ்வொன்றும் கைக்கும் காதுக்கும் வேறொரு பாடம் நடத்துவதுதான் எனக்குச் சேர்ப்பதன் இன்பம்.

திருத்துவதைப் பொறுத்தவரை நாம் லியோ ஃபெண்டருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்று நினைக்கிறேன். அவர் கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். வானொலிப் பெட்டி பழுதுபார்த்துவந்தவர். 1950இல் அவர் கொண்டுவந்த கிட்டாரில் கழுத்தைப் பசைபோட்டு ஒட்டாமல் நான்கு திருகாணிகளால் உடலோடு பூட்டினார். 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் பிக்கப், ஸ்விட்ச், வால்யூம், டோன் அனைத்தையும் பிக்கார்டு என்னும் ஒரே தகட்டில் தொங்கவிட்டார். பழுதுபார்ப்பவரின் வசதியை நினைத்து எடுத்த அந்த முடிவுகளால்தான், எழுபது ஆண்டு கழித்தும் ஓர் ஊர்க்காரர் தன் வீட்டு மேசையில் ஸ்க்ரூ டிரைவரும் சால்டரிங் அயர்னும் வைத்துக்கொண்டு கிட்டாரைப் பிரித்து மாட்ட முடிகிறது.

நீங்கள் முதலில் எதை மாற்றினீர்கள், எதைத் தொடவே கூடாது என்று நினைக்கிறீர்கள், ஏன் என்று எழுதுங்கள்.

பாமணியாறு | மன்னார்குடி

வணக்கம் ஐயா. நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பழையதாக ஒரு ஸ்ட்ராட் வடிவக் கிட்டார் வாங்கியிருக்கிறேன். ஒலி மெல்லியதாகவும், மேல் ஃபிரெட்டுகளில் (கழுத்தின் உலோகக் குறுக்குப் பட்டைகளில்) சுருதி விலகியும் இருக்கிறது. பிக்கப்பை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலரும் சொல்கிறார்கள். கையில் இருக்கும் பணம் ஒரு செட் பிக்கப்புக்குத்தான் சரியாக இருக்கும். வாங்கிவிடலாமா?

அரசலாற்றங்கரை | கும்பகோணம்

தம்பி, பணத்தை அப்படியே வைத்திருங்கள். சுருதி விலகலைப் பிக்கப் சரிசெய்யாது. முதலில் செய்ய வேண்டியது செட்டப், அதாவது கழுத்து, கம்பியின் உயரம், சுருதி ஆகியவற்றைச் சீராக்குவது. புதிய கம்பி ஒரு செட், அளவான ஆலன் கீ, சிறிய ஸ்க்ரூ டிரைவர், ஸ்டீல் ஸ்கேல், ஒரு டியூனர் இருந்தால் போதும்.

முதலில் கழுத்தின் வளைவைப் பாருங்கள். தடித்த ஆறாம் கம்பியை முதல் ஃபிரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃபிரெட்டிலும் ஒருசேர அழுத்திக்கொண்டு, ஏழாம் எட்டாம் ஃபிரெட்டுகளின் மேல் கம்பிக்குக் கீழே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஏறக்குறைய கால் மி.மீ. இருந்தால் நல்லது, சாதாரண விசிட்டிங் கார்டு ஒன்று உரசியும் உரசாமலும் நுழையும் அளவு அது. இடைவெளி மிகுந்திருந்தால் கழுத்துக்குள் ஓடும் எஃகுக் கம்பியான ட்ரஸ் ராடை வலப்பக்கமாகக் கால் சுற்று முறுக்குங்கள். சுருதி சேர்த்து, சற்று விட்டு, மறுபடி அளந்துவிட்டுத்தான் அடுத்த கால் சுற்று. அது முரண்டு பிடித்தால் அதற்குமேல் வலுவைக் காட்டக் கூடாது.

அதன் பிறகு பன்னிரண்டாம் ஃபிரெட்டில் கம்பியின் உயரம்: முதல் கம்பிக்கு ஒன்றரை மி.மீ.யை ஒட்டியும், ஆறாம் கம்பிக்கு இரண்டு மி.மீ.யை ஒட்டியும் வைத்துப் பாருங்கள். கடைசியாகத்தான் நீங்கள் சொல்லும் சுருதி விலகல். பன்னிரண்டாம் ஃபிரெட்டின் மேல் விரலை மெல்ல வைத்தெடுத்து எழுப்பும் ஹார்மோனிக்கையும், அதே இடத்தில் அழுத்தி எழுப்பும் சுரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் கூடுதலாக இருந்தால் பிரிட்ஜில் அந்தக் கம்பி தங்கும் சிறு துண்டான சேடிலைப் பின்னால் தள்ளுங்கள். குறைவாக இருந்தால் முன்னால் கொண்டுவாருங்கள். இந்த வரிசையை மாற்றாமல் செய்ய வேண்டும், ஏனெனில் முந்தையதைத் தொட்டால் பிந்தையது மாறிவிடும்.

ஒலி மெலிந்திருப்பதற்கும் பிக்கப்பின் உயரம் காரணமாக இருக்கலாம். இரு பக்கத் திருகாணிகளால் அதை ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஆனால் சிங்கிள் காயிலின் (ஒரே சுருள் கொண்ட பிக்கப்பின்) காந்தத்தைக் கம்பிக்கு மிக அருகில் கொண்டுபோனால், அது தடித்த கம்பிகளின் அதிர்வை இழுத்துப்பிடித்து ஒரே சுரத்தை இரண்டாகக் கேட்கவைத்துவிடும்.

குடமுருட்டி | திருவையாறு

தம்பிக்குச் சொன்ன வரிசையை அப்படியே ஆமோதிக்கிறேன். நான் முன்பு டி.வி., ரேடியோ பழுதுபார்த்தவன். இப்போது கிட்டார்களின் வயிற்றைத் திறப்பதுதான் பொழுதுபோக்கு. செட்டப் முடிந்த பிறகும் பிக்கப்புக்கு முன்னால் பார்க்க வேண்டியவை சில உண்டு.

மலிவான கிட்டார்களில் வால்யூம் கன்ட்ரோலைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஏ என்ற எழுத்தோடு இருந்தால் அது லாக் (லாகரிதமிக்) வகை. பி என்றிருந்தால் லீனியர், அதாவது திருப்பும் அளவுக்குச் சமமாக மாறுவது. நம் காது ஒலியின் அளவைச் சமமான படிகளாகக் கேட்பதில்லை என்பதால், லீனியர் கன்ட்ரோலை வால்யூமுக்குப் போட்டால் பத்திலிருந்து மூன்று வரை பெரிய மாற்றம் தெரியாமல், அதற்குக் கீழே சட்டென்று விழுவதுபோல் இருக்கும். சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் என்பது வழக்கம். மதிப்பு உயர உயர ஒலியின் மேல் முனை கூர்மையாகும். அச்சிட்ட மதிப்பை நம்பாமல் மல்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். இருபது சதவீதம் ஏறியிறங்கி இருப்பது சாதாரணம். வால்யூமைக் குறைத்தால் ஒலி மந்தமாகிறது என்று வருந்துகிறவர்கள், 0.001 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரையும் 150 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் இணையாகச் சேர்த்து, வால்யூம் கன்ட்ரோலின் உள்வரும் கால், வெளியேறும் கால் இரண்டுக்கும் நடுவே சால்டர் செய்து பாருங்கள். சில ரூபாய்தான் செலவு. பிடிக்கவில்லையென்றால் ஒரு நொடியில் எடுத்துவிடலாம்.

இரைச்சலைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் செப்புத்தாள் ஒட்டினால் எல்லா இரைச்சலும் போய்விடும் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. இரைச்சல் இரண்டு வகை. டிரான்ஸ்ஃபார்மர், மோட்டார், பழைய டியூப்லைட் சோக் ஆகியவற்றின் காந்தப்புலத்தைப் பிக்கப்பின் காயில் வாங்கிக்கொள்வது ஒன்று. இது ம்ம்ம் என்று அடிக்குரலில் முனகும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸும் சேர்ந்தே கேட்கும். ஆறாம் கம்பியின் மூன்றாம் ஃபிரெட்டில் பிறக்கும் ஜி 98 ஹெர்ட்ஸ் என்பதால், இந்த முனகல் அந்தச் சுரத்தை உரசிக்கொண்டே நிற்கும். செப்புத்தாள் இதைத் தடுக்காது. எதிர்த்திசையில் சுற்றி, எதிர்த்துருவக் காந்தம் வைத்த இன்னொரு காயிலைச் சேர்த்தால்தான் இரண்டிலும் வந்த முனகல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கம்பியின் ஒலி மட்டும் கூடிவரும். கிப்சன் நிறுவனத்தின் பொறியாளர் சேத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1957இல் கிட்டார்களில் வந்த ஹம்பக்கர் இதுதான். உங்கள் ஸ்ட்ராட்டில் நடுப் பிக்கப் அப்படி எதிராகச் சுற்றப்பட்டதாக இருந்தால், ஐந்து நிலை ஸ்விட்ச்சின் இரண்டாம், நான்காம் நிலைகளில் முனகல் அடங்கிவிடும்.

மற்றது சர்ர்ர் என்று கூசும் இரைச்சல். வீட்டு வயரிங்கிலிருந்தும், எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரிலிருந்தும் வருவது. மின் அலையை வெட்டி வெட்டி அனுப்பும் ரெகுலேட்டர் என்றால் அறை முழுவதும் இதுதான் கேட்கும். கெப்பாசிட்டர் வைத்த படிநிலை ரெகுலேட்டருக்கு மாறினால் பாதித் தொல்லை தீர்ந்தது. செப்புத்தாள் உதவுவது இந்த இரண்டாம் வகைக்குத்தான். குழிகளின் உட்புறம், பிக்கார்டின் பின்புறம் எல்லாம் ஒட்டி, ஒட்டுகள் சேரும் இடங்களில் மின்தொடர்பு இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்து, எல்லாவற்றையும் கிரவுண்டோடு இணையுங்கள். எந்த வகை இரைச்சல் என்று அறிய எளிய வழி: கிட்டாரைப் பிடித்தபடி மெல்லச் சுற்றி நில்லுங்கள், ஏதேனும் ஒரு திசையில் அடங்கினால் காந்தப்புலம். கம்பியைத் தொட்டதும் அடங்கினால் மற்றது.

அதோடு, இதை வலியுறுத்திச் சொல்கிறேன்: கிட்டாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஆம்பின் (ஆம்ப்ளிஃபையரின்) எர்த்தோடு இணைந்திருக்கின்றன. ஆம்புக்கோ மைக்குக்கோ எர்த் சரியில்லாத மேடையில், கம்பியில் ஒரு கையும் மைக்கில் வாயும் வைப்பது உயிருக்கே ஆபத்து. ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972இல் வேல்ஸின் ஸ்வான்சியில் மேடையில் மின்சாரம் தாக்கி இறந்தது எர்த் இல்லாத மைக்கைத் தொட்டதால்தான். நம் திருவிழா மேடைகளில் ஜெனரேட்டரில் ஓடும்போது இதைச் சோதிக்காமல் ஏறாதீர்கள். வீட்டில் மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிட்டு ஆம்பை மாட்டுகிறவர்கள் உடனே அதை நிறுத்திவிட்டு, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் போர்டில் பொருத்துங்கள். வேறு எந்த மாற்றத்துக்கும் முன்னால் செய்ய வேண்டிய மாற்றம் இது.

பாமணியாறு | மன்னார்குடி

மிக்க நன்றி ஐயா. செட்டப் செய்தேன். சுருதி விலகல் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. பிரிட்ஜ் பிக்கப் மட்டும் ஒலிக்கவே இல்லை. மீட்டரில் வைத்தால் அளவே காட்டவில்லை. அது செத்துவிட்டதா?

குடமுருட்டி | திருவையாறு

காயில் அறுந்திருக்கிறது. முதலில் காயிலின் முனைகள் வெளி ஒயரோடு சேரும் இடத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் அறுந்திருக்கும், மறுபடி சால்டர் செய்தால் பிழைத்துக்கொள்ளும். உள்ளே அறுந்திருந்தால் புதிதாகச் சுற்ற வேண்டும். சுமார் 0.06 மி.மீ. தடிமனுள்ள எனாமல் கம்பி, ஏறக்குறைய எட்டாயிரம் சுற்று.

நம் பக்கத்துக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. போர் மோட்டாரும் ஃபேனும் காயில் கட்டும் கடை இல்லாத ஊர் டெல்டாவில் இல்லை. சுற்று எண்ணும் கவுன்டர் பொருத்திய கை மெஷின் அவர்களிடம் இருக்கும். அவர்கள் அன்றாடம் புழங்கும் கம்பி இதைவிடப் பல மடங்கு தடித்தது என்பதால் மெல்லிய கம்பியை நீங்கள் வரவழைத்துக் கொடுக்க வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் விசாரிக்கலாம். சுற்றுகிறவர் கம்பியை விரலிடுக்கில் விட்டு, இழுவை கூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சற்றே இழுத்தாலும் அறுந்துவிடும். அனுபவமுள்ள மோட்டார் மெக்கானிக்கின் விரலுக்கு இந்த நிதானம் வெகு விரைவில் பிடிபட்டுவிடுவதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். சுற்றி முடித்ததும் பாரஃபின் மெழுகோடு சிறிது தேன்மெழுகு கலந்து உருக்கி, அதில் பிக்கப்பை மூழ்கவைத்துக் காற்றுக்குமிழி அடங்கும்வரை விட வேண்டும். இல்லையென்றால் ஒலியைக் கூட்டும்போது தளர்ந்த சுற்றுகள் அதிர்ந்து கீச்சிடும். மெழுகை நேரடித் தீயில் வைக்காதீர்கள். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள்.

கடுவையாறு | நாகப்பட்டினம்

உள்ளே ஊரில் இருப்பவர்கள் பேசாத ஒன்றைக் கடற்கரைக்காரனாக நான் சேர்க்கிறேன். இங்கே எதிரி உப்புக் காற்று. நிக்கல் பூசிய சாதாரணக் கம்பி, வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் சீக்கிரமே கறுத்துவிடுகிறது. அதன்மேல் பாதுகாப்புப் பூச்சும் இட்ட கம்பி விலை கூடினாலும் எங்களுக்கு அதுதான் கட்டுப்படியாகிறது. பிரிட்ஜ் சேடிலின் சிறு திருகாணிகள் துருப்பிடித்து இறுகிப்போவதுதான் பெரிய தொல்லை. பழைய கிட்டார் வாங்குகிறவர்கள் வண்ணத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தத் திருகாணிகள் சுழல்கின்றனவா என்று பாருங்கள். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளாக மாற்றுவதுதான் நான் எந்தக் கிட்டாரிலும் செய்கிற முதல் மாற்றம்.

ஐப்பசி, கார்த்திகையில் ஈரப்பதம் ஏறும்போது கழுத்தின் வளைவும் மாறும். எந்தப் பக்கம் மாறும் என்பது கழுத்துக்குக் கழுத்து வேறுபடுகிறது. ஆகவே அடைமழைக் காலத்தில் ஒருமுறை, பங்குனி வெயிலில் ஒருமுறை அளந்து குறித்து வையுங்கள். உறைப்பெட்டிக்குள் ஈரப்பத மீட்டர் ஒன்றும் சிலிக்கா ஜெல்லும் இருக்கட்டும். 45 முதல் 55 சதவீதம் வரை இருந்தால் மரத்துக்குச் சுகம்.

தென்கீழ் அலங்கம் | தஞ்சாவூர்

என் தாய்வழி உறவினர் வீணை செய்கிறவர்கள். நான் வாசிப்பது எலெக்ட்ரிக் கிட்டார். இரண்டையும் பார்த்து வளர்ந்ததால் மரத்தைப் பற்றியும் மெட்டைப் பற்றியும் சில சொல்ல விரும்புகிறேன்.

வீணையின் இருபத்துநான்கு மெட்டுகளும் மெழுகுச் சட்டத்தில் பதிந்தவை. மெழுகை இளக்கி மெட்டை நகர்த்தி மேளம் கட்டிவிடலாம், அதாவது சுரத்துக்குச் சரியான இடத்தில் மெட்டை நிறுத்திவிடலாம். கிட்டாரில் ஃபிரெட் மரத்தில் அறைந்து இறுக்கப்பட்டது, இடம் மாறாது. அதனால் கிட்டாரில் சுருதியைத் திருத்தும் வேலை முழுவதும் நட்டுக்கும் பிரிட்ஜுக்கும் போய்விடுகிறது. இன்னொரு வேறுபாடு, வீணையில் கம்பிக்குக் கீழே மெட்டு மட்டுமே விரலைத் தாங்குகிறது. இரு மெட்டுகளுக்கு நடுவே விரல் மரத்தைத் தொடுவதில்லை. அதனால்தான் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் பிடிப்பது அவ்வளவு வழுக்கலாக வருகிறது. இந்திய இசையையும் ஜாஸையும் இணைத்த சக்தி குழுவில் எல். சங்கருடனும் விக்கு விநாயக்ராமுடனும் வாசித்த கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின், ஃபிரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்தெடுத்த கிட்டாரைப் பயன்படுத்தியதன் காரணமும் இதுதான். கர்நாடக இசைக்காக மின் மாண்டலினில் இரட்டைக் கம்பிகளை ஒற்றையாக்கி ஐந்து கம்பிகளில் வாசித்த யு. ஸ்ரீநிவாஸும் கருவியைத் தன் இசைக்கு ஏற்பத் திருத்திக்கொண்டவர்தாம்.

ஆனால் குடைவது திரும்பப்பெற முடியாத மாற்றம். கமகம் வாசிக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் 9 முதல் 42 வரையுள்ள (தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) மெல்லிய கம்பி செட்டைப் போட்டுப் பாருங்கள். அதன் பிறகு ஃபிரெட் தேய்ந்து மாற்ற வேண்டிய வேளை வரும்போது உயரமான ஜம்போ ஃபிரெட்டைப் போடுங்கள். குடைவதால் கிடைப்பதில் பெரும்பகுதி இதிலேயே கிடைத்துவிடும். அதற்குப் பிறகும் ஆசை தீரவில்லையென்றால், மலிவான மாற்றுக் கழுத்து ஒன்றை வாங்கி அதில் குடையுங்கள்; நான்கு திருகாணி வேலைதானே.

உடல் மரத்தைப் பற்றி: 2018 நவம்பரில் கஜா புயல் மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னையோடு எத்தனையோ பலா மரங்களையும் சாய்த்தது. அறுத்துப் பலகையாக்கி நிழலில் அடுக்கிவைத்தவர்கள் வீட்டில் அந்தப் பலா இன்று நன்றாக உலர்ந்திருக்கிறது. ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது காற்றில் உலர்த்துவதற்கான பழைய கணக்கு; ஸ்ட்ராட்டின் உடல் சுமார் 45 மி.மீ. கனம்தான். தஞ்சாவூர் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பலாதான் உடல் என்பதால் எனக்கு அதன்மேல் இயல்பாகவே பற்று. எலெக்ட்ரிக் கிட்டாரில் ஒலியின் பெரும்பகுதியைப் பிக்கப்பும் கம்பியும் வாசிக்கிற கையும் தீர்மானிக்கின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்த மஞ்சள் மரத்தில் எண்ணெய் ஏற ஏற அது தேன் நிறத்துக்கு வருவதைக் கண்டவர்கள் வேறு மரத்தைத் தேடமாட்டார்கள்.

பிரிட்டனில் குவீன் குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே பள்ளிச் சிறுவனாக இருந்தபோது 1963இல் தன் தந்தையோடு சேர்ந்து செய்யத் தொடங்கிய கிட்டாரின் கழுத்து, ஒரு பழைய கணப்படுப்பின் மேற்சட்ட மகோகனியிலிருந்து வந்தது. அதை வைத்தே அவர் உலக மேடைகளில் வாசித்தார். நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்கிறவர்களும் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் முதிர்ந்த ஆச்சா மரத்தைத்தான் தேடிப்போகிறார்கள். நம் ஊர்களில் பிரிக்கப்படும் ஓட்டு வீடுகளின் தேக்கு உத்திரம் விறகுக் கடைக்குப் போவதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. ஒன்று மட்டும்: தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, இரண்டு துண்டுகளை ஒட்டுவதற்குச் சற்று முன்னால் தின்னரால் துடைத்துவிடாவிட்டால் பசை பிடிக்காது. எடையும் கூடும் என்பதால் உள்ளே அறைகள் குடைந்து இலேசாக்க வேண்டும்.

வெண்ணாறு | நீடாமங்கலம்

நான் பள்ளி ஆசிரியை. ஞாயிறுதோறும் கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். இங்கே யாரும் தொடாத ஒரு கேள்வி எனக்கு இருக்கிறது. என் சித்தப்பா சிங்கப்பூரில் வேலைபார்த்துத் திரும்பியபோது கொண்டுவந்த ஜப்பான் கிட்டார், அவர் காலத்துக்குப் பிறகு என்னிடம் வந்திருக்கிறது. எண்பதுகளில் செய்தது என்று சொல்வார். எல்லாம் முதலில் இருந்தபடியே இருக்கிறது; ஆனால் முதல் ஐந்து ஃபிரெட்டுகளில் கம்பி பதிந்த பள்ளம், ஸ்விட்ச்சில் கரகரப்பு, பிரிட்ஜ் பிக்கப் கூர்மையாகக் குத்துகிறது. இதைத் திருத்தலாமா, அப்படியே வைத்திருக்க வேண்டுமா? விற்கும் எண்ணம் இல்லை.

அரசலாற்றங்கரை | கும்பகோணம்

சகோதரி, நீங்கள் கேட்டது இந்த இழையின் நடுக்கேள்வி. ஃபிரெட் என்பது தேயும் பொருள். அதை மாற்றுவதால் கருவியின் பழைமை குறைந்துவிடுவதில்லை. பள்ளம் ஆழமில்லை என்றால் மாற்றாமலே சமன் செய்யலாம். கழுத்தை நேராக்கி, ஃபிரெட்டுகளின் தலையில் மார்க்கரால் கோடு போட்டு, நேர்த்தியான சட்டத்தில் உப்புத்தாள் ஒட்டித் தேய்க்கும்போது மை எங்கே அழிகிறது, எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். பள்ளத்தின் அடியில் நிற்கும் மை மறைகிற வரைதான் தேய்ப்பு. பிறகு ஒவ்வொரு ஃபிரெட்டின் தலையையும் மறுபடி உருண்டையாக்க வேண்டும். இதைப் பழகாதவர்கள் முதலில் வேறொரு மலிவான கழுத்தில் பழகுவது நல்லது.

ஸ்விட்ச்சுக்கு எலெக்ட்ரானிக் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரைத் தெளித்து முன்னும் பின்னும் தட்டிவிட்டாலே பெரும்பாலும் கரகரப்பு போய்விடும். பிக்கப் குத்துகிறது என்றால், அதை மாற்றுவதற்கு முன் கம்பியிலிருந்து சற்றுத் தள்ளி இறக்கிப் பாருங்கள். டோன் கன்ட்ரோல் அந்தப் பிக்கப்போடு இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய ஸ்ட்ராட் வயரிங்கில் பிரிட்ஜ் பிக்கப்புக்கு டோனே கிடையாது. ஸ்விட்ச்சில் ஒரு சிறு ஒயரைச் சேர்த்தால் கிடைத்துவிடும்.

என் கருத்து இது: மரத்தில் புதிய துளை வேண்டாம், குழியைப் பெரிதாக்க வேண்டாம், வண்ணத்தைச் சுரண்ட வேண்டாம். எடுத்த ஒவ்வொரு திருகாணியையும் பாகத்தையும் பெயர் எழுதிய உறையில் போட்டு வையுங்கள்.

குடமுருட்டி | திருவையாறு

கூடுதலாக ஒன்று. பழைய கருவியின் காலம் அறிய விரும்புகிறவர்கள் சால்டரைத் தொடுவதற்கு முன்னால் கன்ட்ரோலின் முதுகில் அச்சிட்ட எண்ணைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கருவிகளில் 137 என்று தொடங்கினால் சி.டி.எஸ். நிறுவனத்தின் தயாரிப்பு, தொடர்ந்து வரும் எண்கள் ஆண்டும் வாரமும். 137க்குப் பின் 7823 என்றிருந்தால் 1978ஆம் ஆண்டின் இருபத்துமூன்றாம் வாரம். கிட்டார் அதற்கு முந்தியதாக இருக்க வாய்ப்பில்லை, கன்ட்ரோல் இடையில் மாற்றப்படவில்லை என்றால். ஜப்பான் கருவிகளில் குறியீட்டு முறை வேறு. ஆனாலும் படமெடுத்து வைப்பது நல்லது.

கோரையாறு | திருத்துறைப்பூண்டி

மாற்றுக் கருத்து சொல்ல அனுமதியுங்கள். ஒரே கிட்டாரோடு பல்லாண்டு மெல்லிசைக் குழுவில் வாசித்திருக்கிறேன். நல்ல கிட்டார் ஒன்று போதும். நான்கு கிட்டாரைப் பராமரிக்கும் நேரத்தில் நான்கு பாடல் சுத்தமாகக் கற்றுவிடலாம். வாசிப்பு வளராமல் கருவி மட்டும் வளர்வதை இளையவர்களிடம் நிறையப் பார்க்கிறேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை, அக்கறையாகச் சொல்கிறேன்.

அரசலாற்றங்கரை | கும்பகோணம்

அண்ணா, உங்கள் அக்கறை புரிகிறது. மேடையில் ஒரே கருவியின் மூலை முடுக்கெல்லாம் தெரிந்துவைத்திருப்பது பெரிய பலம் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆசைக்கு வாசிக்கிறவனுக்கு வாசிப்பு மட்டுமே இலக்கு அல்ல. ஹம்பக்கரின் இரு காயில்களைத் தொடராக வைத்துக் கேட்டு, பிறகு இணையாக மாற்றிக் கேட்டவனுக்கு, மற்றவர் வாசித்த இசைத்தட்டைக் கேட்கும் காதே கூர்மையாகிவிடுகிறது. எந்தப் பிக்கப், கம்பியின் எந்த இடத்தில் மீட்டினார் என்பது காதில் விழத் தொடங்குகிறது. அந்தக் கேட்பு வாசிப்புக்கும் திரும்பி வருகிறது. நீங்கள் சொல்வதில் நான் எடுத்துக்கொள்வது, சேர்த்த கருவி எதுவும் வாசிக்கப்படாமல் இருக்கக் கூடாது என்பதை. மாதக்கணக்கில் கை படாத கிட்டார் வாசிக்கத் துடிக்கும் ஒரு மாணவர் வீட்டில் இருப்பதுதான் முறை.

கோரையாறு | திருத்துறைப்பூண்டி

அந்தக் கடைசி வரியோடு எனக்கு முழு உடன்பாடு. உங்கள் கல்கத்தாக் கிட்டார் எங்கள் தலைமுறைக்காரர் ஒருவருடையதாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதில் என்ன மாற்றினீர்கள்?

அரசலாற்றங்கரை | கும்பகோணம்

அண்ணா, அதில் டியூனரையும் நட்டையும் மட்டும் மாற்றினேன்; பிக்கப் அதன் பழைய குரலோடு அப்படியே இருக்கிறது. அதிகம் மாற்றியது டெலிகாஸ்டர் வடிவத்தில்தான். பழைய டெலியின் பிரிட்ஜில் இரண்டு கம்பிக்கு ஒன்றாக மூன்று பித்தளை உருளைச் சேடில்கள் இருந்தன. எனக்கு அந்தக் கணகணப்பு வேண்டியிருந்தது. நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு கடையும் பட்டறை ஒன்றுக்கு மாதிரியை எடுத்துப்போனேன். லேத்தில் நின்ற பெரியவர் சேடிலை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, விளக்கின் தண்டைக் கடையும் அதே உளியால் 8 மி.மீ. உருளையைக் கண்முன்னே இழைத்தெடுத்தார். பித்தளைச் சுருள் தங்க நூலாகத் தரையில் விழுந்துகொண்டே இருந்தது. முடிந்ததும் விளக்குக்குத் தேய்ப்பதுபோலவே பளபளப்பு ஏற்றித்தான் கையில் கொடுத்தார்.

வெண்ணாறு | நீடாமங்கலம்

ஐயா, என் மாணவன் ஒருவனிடம் டெலி வடிவக் கிட்டார் இருக்கிறது. அவனுக்கும் அதைச் செய்துதர விரும்புகிறேன். அளவுகளைச் சொல்ல முடியுமா? ஒரு சேடிலில் இரண்டு கம்பி என்றால் சுருதி சரியாக நிற்குமா?

அரசலாற்றங்கரை | கும்பகோணம்

நேராகத் துளையிட்ட உருளையில் இரண்டு கம்பிக்கும் ஒருசேரச் சுருதி நிற்காது. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது சற்று விலகும். ஆகவே நடுவில் நீளத் திருகாணி நுழையும் துளையைச் சிறிது சாய்வாக இடச் சொல்லுங்கள். உருளை சாய்ந்து உட்காரும்போது இரண்டு கம்பிக்கும் வெவ்வேறு நீளம் கிடைத்துவிடும். சாய்வு மூன்று சேடிலுக்கும் ஒன்றுபோல இருக்காது என்பதால் பழைய சேடிலில் டியூனர் வைத்து அளந்துவிட்டு வரைந்துகொடுக்க வேண்டும். ஆறாம் கம்பியிலிருந்து முதல் கம்பி வரை இடைவெளி 54 மி.மீ.தானா என்று பாருங்கள். சில பிரிட்ஜில் குறைவாக இருக்கும். திருகாணி மரையையும் கவனியுங்கள். அமெரிக்கப் பிரிட்ஜில் அங்குலக் கணக்கு, மலிவு விலைப் பிரிட்ஜில் பெரும்பாலும் மெட்ரிக். மாணவனின் பிரிட்ஜிலிருந்து ஒரு திருகாணியைக் கழற்றிப் பட்டறைக்கே கொண்டுபோய்விட்டால் அவர்களே டாப் (மரை வெட்டும் கருவி) போட்டுப் பார்த்துக்கொள்வார்கள். என் வரைபடத்தை இன்று இரவு இங்கே ஏற்றுகிறேன். உங்கள் பிரிட்ஜின் அளவை எழுதினால் அதற்கேற்பத் திருத்தித் தருகிறேன்.